யாருக்குத் தெரியாமல்?

போன மாதம் தேவகி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்ல வேண்டும், நீதிபதி சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

"அக்கா, நம்ம வேலைக்கு ஆப்பு வந்திருச்சிலா," என்றாள். "போன்ல தமிழ்ல பேசினா ஒடனே மலாய்ல மாத்திக் குடுக்குது. ஆபீஸ்ல எல்லாரும் அத வச்சித்தான் வெளையாடிக்கிட்டு இருக்காங்க. நீங்க கஷ்டமா ஒண்ணு சொல்லுங்க, அது முழிக்கிறதப் பாப்போம்."

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "தெரியாம எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் அவள் அதையே இன்னொரு கைபேசியில் சொல்வது கேட்டது. பிறகு தேவகி சிரித்தாள். "அக்கா, 'தாக் செங்காஜா'ன்னு போடுது. வேணும்னு செய்யல, அப்படித்தானே? இது ஈசியாச்சே. வேற சொல்லுங்க."

அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.  அந்த வாக்கியத்தை நான் ஒருமுறை நீதிமன்றத்தில் மொழிபெயர்த்திருக்கிறேன். தவறாக. அதனால் ஒரு மனிதர் ஓராண்டு சிறையில் இருந்தார். கைபேசிக்கு ஒரு நொடியில் வந்த பதில் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், புதியவர்களுக்கு உதவும் என்று தேவகி முன்பே பலமுறை கேட்டிருக்கிறாள். இதோ எழுதுகிறேன். அவள் எதிர்பார்ப்பது இதுவாக இருக்காது. எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்லமாட்டேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு சிறு பட்டணம் என்பதோடு விட்டுவிடுங்கள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஈப்போ புந்தோங்கில் பிறந்தேன், பள்ளியில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். படிப்பு முடிந்து நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன், இரண்டு தேர்வு எழுதினேன், மொழிபெயர்ப்பாளர் ஆனேன். பயிற்சி என்று தனியாக ஏதும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "நாக்கு ஒன்னுது, சொல்லு அவனுது. சேக்காத, கொறைக்காத." இருபத்தெட்டு ஆண்டும் அந்த ஒரு பாடத்தில்தான் ஓடியது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரின் வழக்கு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். நான் தமிழில் சொல்லி, "வெளங்குதா?" என்று கேட்பேன். "வெளங்குதுங்க" என்பார். ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பேன். ஒப்புக்கொண்டால் அதோடு முடியாது. ஒப்புக்கொள்வதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிகிறதா என்று நீதிபதி கேட்க வேண்டும். அதைத் தமிழில் நான் இப்படிச் சொல்வேன்: "ஒத்துக்கிட்டா என்னா ஆகும்னு வெளங்குதா?" அப்புறம் சம்பவ விவரம், அப்புறம் தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வேண்டுகோள், அப்புறம் தண்டனை. நான்கு முறை 'வெளங்குதா', நான்கு முறை 'வெளங்குதுங்க'. யாராவது ஒருவர் 'வெளங்கலைங்க' என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. 'எடுத்தேன், ஆனால் வேண்டுமென்று எடுக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், அது ஒப்புதல் ஆகாது. நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை.

அப்போது எங்களுக்கு இருந்த நீதிபதியைத் துவான், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் டப்பாவைக் கழுவித் திருப்பித் தருவார். ஆனால் திங்கட்கிழமைகளில் மேசையில் கோப்புகள் அவர் மோவாய் வரை நிற்கும். நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். சுருக்கு என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் போதும், நிறுத்து. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அந்த டக் சத்தத்துக்கு நான் பயந்த பயம், என் மாமியாருக்குக்கூடப் பயந்ததில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு முதுகலை படிக்கச் சேர்ந்தேன். சட்டத் தத்துவமும் அரசியல் தத்துவமும். ஒரு பல்கலைக்கழகம் ஈப்போவில் கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியை வாடகைக்கு எடுத்து, வேலை செய்கிறவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பு நடத்தியது. கீழே கோப்பிக் கடை. கோப்பிக்கொட்டை வறுக்கும் புகை வகுப்புக்குள் வரும். "பேரன் எடுக்கிற வயசுல பேனா எடுக்கிறியே," என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் சனிக்கிழமை காலையில் காரில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

என்னைச் சேர்ப்பதற்கு முன் நேர்காணல் செய்தவர் டாக்டர் சிவகௌரி. பின்னர் என் ஆய்வேட்டுக்கும் அவர்தான் நெறியாளர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து ஈப்போவில் தங்கிய குடும்பம், வீட்டில் இன்னும் அந்தத் தமிழ்தான். என்னிடமும் அதிலேயே பேசினார்.

"ஏன் இதைப் படிக்க விரும்புறியள்?" என்று கேட்டார்.

"சனங்க ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுறாங்கன்னு தெரிஞ்சிக்கணும் டாக்டர்."

"நீங்கள் ஏன் கட்டுப்படுறியள்?"

"பயந்தான்."

"அப்ப அதிலயிருந்தே தொடங்குவம்," என்றார்.

அவர் யாரையும் 'தவறு' என்று சொல்லமாட்டார். நாம் ஏதாவது உளறினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது நம் ஓட்டை நம் காதிலேயே விழும். வகுப்பில் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். தடுப்புக் காவலைப் பற்றி அவ்வளவு திடமாகப் பேசுவார். இன்னொருக்கா என்றதும் அவர் குரல் பாதியாகிவிடும்.

இரண்டாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஈப்போவில் மத்தியான மழை புதிதில்லை. வகுப்பு முடிந்து பார்த்தால் என் குடையைக் காணவில்லை. மறுவாரம் டாக்டர் சிவகௌரி ஒரு கறுப்புக் குடையோடு படியேறி வந்தார்.

"அக்கா, மன்னிக்கோணும். உங்கட குடையைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போட்டன். ரெண்டும் ஒரே மாதிரி."

குடையை வாங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தெரியாமல் எடுத்துக்கொண்டு போட்டன். இந்தச் சொல்லை இதே பணிவோடு, இதே வெட்கத்தோடு, ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் கூண்டில் நின்றிருந்தார்.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?" என்றார் டாக்டர்.

"காலைல சாப்பிடல டாக்டர்," என்றேன்.

அதற்கு நாலு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து திருட்டு வழக்குகள். முதல் ஆள் அண்ணனின் கைபேசியை எடுத்து விற்றவன். "அண்ணனுக்குத் தெரியாம எடுத்தேங்க," என்றான். மலாயில் "சென்யாப்-சென்யாப்" என்றேன். சத்தமில்லாமல், கமுக்கமாக என்று அர்த்தம். சரியான மொழிபெயர்ப்பு. துவானுக்குத் திருப்தி.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ கண்ணையா வந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஓர் இடத்தின் தொழிலாளர் லயத்து ஆள். வழக்கறிஞர் இல்லை. பட்டணத்தில் மளிகைக் கடை வாசலில் நின்ற இன்னொருவரின் மோட்டார் சைக்கிளைக் கள்ளச்சாவி போட்டுத் திருடினார் என்பது குற்றச்சாட்டு. தோட்டத்துக்குப் போகிற வழியில் போலீஸ் தடுப்பில் பிடித்துவிட்டார்கள்.

நான் வாசித்துச் சொன்னேன். வெளங்குதா என்றேன். வெளங்குதுங்க என்றார். ஒத்துக்கிறீங்களா என்றேன்.

"ஆமாங்க, நாந்தான் எடுத்தேன். தெரியாம எடுத்துட்டேங்க," என்றார்.

துவானின் பேனா ஒரு தட்டு தட்டியது.

"ஆமாம், எடுத்தேன் என்கிறார். சென்யாப்-சென்யாப் எடுத்தேன் என்கிறார்," என்று மலாயில் சொன்னேன்.

கண்ணையா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒத்துக்கிட்டா என்னா ஆகும்னு வெளங்குதா என்று ஒரே ஓட்டமாகக் கேட்டேன். வெளங்குதுங்க. சாவியைக் காட்டினார்கள், ஆமாங்க என்றார். ஓராண்டு. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

தமிழில் 'தெரியாம' என்றால் இரண்டு பொருள். எனக்கே தெரியாமல் செய்தேன் என்பது ஒன்று, அடுத்தவனுக்குத் தெரியாமல் செய்தேன் என்பது மற்றொன்று. யாருக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நம் வழக்கம், கேட்பவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். கண்ணையா விட்ட இடத்தில் நான் ஒரு 'அவனுக்கு'வைப் போட்டு நிரப்பிவிட்டேன். முதல் ஆளின் வாக்கியம் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது, பேனா வேறு தட்டிவிட்டது. சேர்க்காதே, குறைக்காதே என்று சொன்னவர் பாடம் காற்றில் போய்விட்டது.

இதில் மன்னிக்க முடியாதது இன்னொன்று இருக்கிறது. பழைய காப்சாய் மோட்டாரின் சாவி தேய்ந்துபோனால் பக்கத்து மோட்டாரையும் திறக்கும். காப்சாய் என்பது தோட்டத்து ஆட்கள் ஓட்டும் அந்தச் சின்ன மோட்டார்தான். பேராக்கில் இது தெரியாத தமிழன் கிடையாது. அடுத்தவன் மோட்டாரில் பாதி வழி போய், கண்ணாடி மாறியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் கதையைக் கல்யாண வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். என் சொந்த அண்ணனே ஒருமுறை அப்படி ஒரு தவுக்கேயின், சீனக் கடை முதலாளியின், மோட்டாரில் வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறார். துவானுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா?

குடை வந்தது சனிக்கிழமை. புதன்கிழமை ஏதோ காரணம் சொல்லி ஆவண அறைக்குப் போய்க் கோப்பை எடுத்தேன்.  தட்டச்சில் என் சொல் அப்படியே இருந்தது. சென்யாப்-சென்யாப். கூடவே சாவியின் புகைப்படம். தேய்ந்துபோன சாவி, வளையத்தில் கோயிலில் கட்டுகிற சிவப்புக் கயிறு. கள்ளச்சாவிக்கு யாராவது காப்புக் கயிறு கட்டுவார்களா? அன்றைக்கும் அதைப் பார்த்தேன். கண் பார்த்தது, நாக்கு அதன் போக்கில் போனது.

கண்ணையா அப்போது தண்டனை முடிந்து வெளியே போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சிறையில் போன ஓராண்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆனால் பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம். நான் எழுதிக் கொடுத்தால் உயர் நீதிமன்றம் வழக்கை மறுபடி பார்க்க வாய்ப்பு உண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். கோப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். பயந்தேன். ஒழுங்கு நடவடிக்கை வரும், பென்சனில் கை வைப்பார்கள், பத்திரிகையில் படம் வரும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இந்த ஒன்று எனக்கு ஒரு குடையால் தெரிந்தது. இருபது வருடத்துக்கும் மேலாகப் பேசியிருக்கிறேனே, இன்னும் எத்தனை 'தெரியாம' கோப்புகளில் கிடக்கிறதோ? தெருவில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால்கூட, இவர் எந்த வழக்கு என்று குலை நடுங்கியது.

ஆனால் மனசு கேட்கவில்லை. ஆய்வேட்டில் அதை எழுதினேன், வேஷம் போட்டு. என் தலைப்பு, குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்போது ஒருவரின் சொந்தச் செயல் ஆகிறது என்பது. மூன்றாம் அத்தியாயத்தில், ஏதோ ஒரு நாட்டில் ஏ என்பவர் ஒரு குடையை எடுக்கிறார், பி என்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறவிடுகிறார் என்று ஒரு கற்பனை உதாரணம் வைத்தேன். மோட்டாரைக் குடையாக்கிவிட்ட கெட்டிக்காரத்தனம் எனக்கே பெருமையாக இருந்தது.

டாக்டர் சிவகௌரி அந்த அத்தியாயத்தை என் எதிரில் வைத்தே வாசித்தார். ஓரத்தில் ஒரு குறியும் போடவில்லை.

"ஏ-யைப் பற்றி வடிவா எழுதியிருக்கிறியள்," என்றார். "ஆனா இந்த பி, அத்தியாயம் முழுக்கப் பயப்பிடுறா. கற்பனை ஆள் ஏன் இவ்வளவு பயப்பிடோணும்?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"இது நடந்த வழக்கோ அக்கா?"

"இல்ல டாக்டர். கற்பனைதான்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

கீழே கோப்பிக் கடையில் யாரோ கரண்டியைப் போட்ட சத்தம் கேட்டது.  "கற்பனைதான் டாக்டர்," என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். பிறகு நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பினார்.

வாய்மொழித் தேர்விலும் அதே கேள்வி வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், உதாரணம் மிக இயல்பாக இருக்கிறது, எங்கே எடுத்தீர்கள் என்றார். கற்பனை என்றேன். பாராட்டினார். டாக்டர் சிவகௌரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டேன். வீட்டுக்காரர் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி வாங்கி வந்தார். சுவர் ஈரம் காய்கிறது என்று சொல்லிப் பட்டத்தை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சுவர் காயவில்லை.

இதுதான் தேவகியின் தொலைபேசி வரும்போது என் நிலைமை. கைபேசி 'தாக் செங்காஜா' என்று சொன்ன மூன்றாம் நாள், வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி எதுவும் பேசவில்லை. "சாவி எடுத்துட்டு வாரேன், போலாம்," என்றார்.

விசாரித்துக்கொண்டு போனோம். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது மலிவு வீடுகள். பின்னால் செம்பனை. கண்ணையா வீட்டு வாசலில் உட்கார்ந்து கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கோர்ட்டு அம்மாதானே?" என்றார்.

காரிலிருந்து இறங்குமுன் பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அன்னிக்கி நீங்க சொன்னத நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க 'தெரியாம'ன்னு சொன்னீங்க, நான்..." 

"சென்யாப்-சென்யாப்னு சொன்னீங்க," என்றார் கண்ணையா.

நான் அன்றைக்குச் சொன்ன அதே சொல். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மலாய் தெரியும்மா. சின்ன வயசுல இருந்து மலாய்க்காரங்களோட வேலை செஞ்சவன். கோர்ட்டு மலாய்தான் புரியாது, இது புரியும்லா. நீங்க சொன்னப்பவே வெளங்கிருச்சி, வேற மாரி சொல்றீங்கன்னு."

"அப்ப ஏன்ணே ஒண்ணும் சொல்லல?"

கொடுவாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நம்ம ஆளு, படிச்சவங்க, தெனமும் அந்த எடத்துல நிக்கிறவங்க. நமக்கு நல்லது எதுனாச்சும் இருந்தாத்தான் மாத்திச் சொல்வாங்கன்னு நெனைச்சேன். நடுவுல பேசி ஒங்க காரியத்தக் கெடுத்துறக் கூடாதுன்னுதான் தலையாட்டுனேன்."

சனங்கள் ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் போய் நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியவள் நான். பயம் என்று எழுதினேன், பழக்கம் என்று எழுதினேன், உடன்பாடு என்று பெரிய பெரிய வாதமெல்லாம் வைத்தேன். இப்படி ஒரு காரணம் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த வாசலில் நின்று அழுதேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவருடைய மோட்டார் என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கடை வாசலிலேயே நின்றதாம். சிறையில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் இல்லையாம். "அத எவனோ நெசமாவே சென்யாப்-சென்யாப் எடுத்துட்டான்," என்று சொல்லிச் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

அவர் சிரிப்பு உடனே நின்றது. சிறைக்குப் போகும்வரை தோட்டத்துக் கோயிலின் சாவி அவரிடம்தான் இருந்ததாம். திரும்பி வந்ததும் கமிட்டிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கள்ளச்சாவிக்காரன் என்று பெயர் ஆகிவிட்டது, பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்களாம்.

"சாவி வேணாம்மா. இப்ப வச்சிருக்கிறவன் நல்லாத்தான் பாத்துக்கிறான். பேருதான் ஒரு மாரியா இருக்கு."

சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் மனுவை ஏற்றுக்கொண்டார். வயதில் சின்னவர். இத்தனை வருடம் கழித்து நீதிமன்றம் கேட்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மொழிபெயர்ப்பாளரே சத்தியப் பிரமாணம் கொடுத்தால் பலம் என்றார். நான் எழுதிக் கொண்டுபோனதை வாசித்துவிட்டுத் தயங்கினார்.

"அக்கா, ஆறாவது பத்தி போதும். தெரியாம நடந்துச்சின்னு இருக்கு. ஏழாவது எதுக்கு? வருஷக்கணக்கா தெரிஞ்சே சொல்லாம இருந்தீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, பென்சன்லயோ பட்டத்துலயோ என்ன பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அவரு கேசுக்கு அது தேவையும் இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். எடுத்துவிடலாம் என்றுதான் என் உடம்பு முழுக்கச் சொன்னது. இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஏழாவது பத்தியை அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில், இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று டாக்டர் சிவகௌரி கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஆறாவது பத்தி மட்டும் தனியாக இருந்தால் அது பொய்யாகத்தான் ஒலித்தது. ஏழாவதை வைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை கண்ணையாவையும் கூட்டிக்கொண்டு ஈப்போவில் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போனோம். ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சின்ன அறை, ஒரு மேசை, நாலைந்து முத்திரைகள். கண்ணையா தன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தார். என்னுடையதை ஆணையர் எடுத்து வைத்தார்.

"ஒங்களதுல என்னாம்மா எழுதியிருக்கு?" என்று கண்ணையா கேட்டார். "கோர்ட்டு மலாயா இருக்கு. எனக்கும் சொல்லுங்க."

இருபத்தெட்டு ஆண்டு அடுத்தவர் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன். என் சொல்லை நானே ஒருவருக்கு மொழிபெயர்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே சொன்னேன்.

"ஆறாவது. அண்ணன் சொன்னத நான் தெரியாம மாத்திச் சொல்லிட்டேன். ஏழாவது. மாத்திச் சொன்னது தெரிஞ்சப்புறம், யாருக்கும் தெரியாம மறைச்சி வச்சிருந்தேன்."

அவர் பத்திரத்தை ஒருமுறை பார்த்தார். "ஏழாவது வேணுமாம்மா?"

"வேணும்ணே."

பேனாவை எடுத்தேன். கண்ணையா தன் கையை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தின்மேல் வைத்து மறைத்தார்.

"இதுல கையெழுத்து வச்சா ஒங்களுக்கு என்னா ஆகும்னு வெளங்குதாம்மா?"

எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. இவரிடமும் கேட்டேன், பேனா தட்டிய பயத்தில், ஒரே ஓட்டமாக. என்னை யாரும் கேட்டதில்லை. அவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கையை எடுக்கவில்லை.

"வெளங்குதுண்ணே," என்றேன்.

அப்போதுதான் கையை எடுத்தார். கையெழுத்து கோணலாக விழுந்தது. ஆணையர் அதன்மேல் முத்திரையைக் குத்தினார்.